சாமி பழம்

என் மகன் பரணி நன்றாக அழுவான். மூன்றரை வயதுப் பிள்ளை எப்படி அழ வேண்டுமோ அப்படி, வாயை முழுதாகத் திறந்து, உள்நாக்கு தெரிய, மூக்கு ஒழுக அழுவான். அழுது முடித்ததும் மூக்கை என் சேலையில் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விளையாடப் போய்விடுவான். அவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

அவன் உதடு பிதுங்கினால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவர் செல்போனை நீட்டுவார். ஒருவர் மிட்டாயை வாயில் திணிப்பார். "அந்தா போலீஸ் வர்றாரு" என்பார் மாடிவீட்டு அம்மா. திண்டுக்கல் போலீசுக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள், நாகல்நகரில் எந்தப் பிள்ளை அழுகிறது என்று தெருத்தெருவாகப் பார்ப்பதற்குத்தான் அரசாங்கம் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரே ஒரு பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆம்பளப்புள்ள அழலாமா?" ஏன் அழக்கூடாது? அவனுக்கு மட்டும் வலிக்காத உடம்பாகச் செய்தா அனுப்பியிருக்கிறது?

எனக்கு வாய் நீளம் என்று என் மாமனார் வீட்டில் ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் மாதம் பரணியைப் பக்கத்துத் தெருவில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். முதல் வாரமே சட்டையில் ஒரு தங்க நிற ஸ்டார் ஸ்டிக்கரோடு வந்தான். அழாத பிள்ளைக்கு மட்டும்தான் அது கிடைக்குமாம். என் வீட்டுக்காரர் பழனிக்குமார் குட்டியானை லோடு வண்டி வைத்து, காய்கறியும் பூவும் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறார். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர், மகனை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். செத்த நேரம் கழித்துப் பிள்ளையைக் காணோம் என்று தேடினால், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு விம்முகிறான். ஒரு கை ஸ்டிக்கரைப் பொத்திக்கொண்டிருந்தது.

"அழுதா மிஸ் ஸ்டாரப் பிடுங்கிருவாங்கம்மா" என்றான்.

நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை பார்க்கிறேன். மறுநாள் கடைக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். போய் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அதற்கப்புறம் பரணிக்கு ஸ்டார் ஒட்டவில்லை. எனக்கும் அங்கே நல்ல பெயர் இல்லை.

இந்த நேரத்தில்தான் காதுகுத்து வந்தது.

என் மாமனார் நல்லுசாமி செம்பட்டிப் பக்கத்தில் தக்காளியும் தென்னையும் வைத்திருக்கிற சம்சாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய வகையறாப் பெருமையை ஆரம்பித்துவிட்டால் எதிரே இருப்பவர் எழுந்து போகவும் முடியாது, தூங்கவும் முடியாது. தேதி குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட உட்கார்ந்தபடியே பரணியின் முதுகில் தட்டினார்.

"அப்பு, நம்ம வகையறாவுல காது குத்தையில அழுத ஆம்பளப்புள்ள ஒண்ணு கெடையாது. தெரியுமுல்ல? ஒங்கப்பன் அழல. ஒங்க சின்னத் தாத்தன் அழல. கருப்பணசாமி பழத்த வாயில வச்சா புள்ள மூச்சுக் காட்டாது."

அது என்ன பழம் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வகையறாவில் நடந்த எத்தனையோ காதுகுத்துகளில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். கருப்பணசாமி பாதத்தில் ஒரு சிறுமலை வாழைப்பழத்தை வைத்து எடுத்து, தாய்மாமன் கையில் கொடுப்பார்கள். ஆசாரி காதில் ஊசியை இறக்குகிற அதே நேரத்தில், மாமன் அந்தப் பழத்தைப் பிள்ளையின் வாயில் ஊட்ட வேண்டும். உறுமி அடிக்கும். பெண்கள் குலவை போடுவார்கள். பிள்ளையின் சத்தம் கேட்காது. சாமி பழம் தின்ற பிள்ளை அழவில்லை என்று எல்லோரும் கைதட்டுவார்கள்.

"வாய் நெறையப் பழத்த அடைச்சு வச்சா யாரு மாமா அழ முடியும்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் ரசச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ அதிசயம் மிதக்கிற மாதிரி.

"சாமி காரியத்துல கேலி பேசாத தாயி" என்றார் மாமனார். அதோடு வெஞ்சனம் வேண்டாம் என்று இலையை மடித்துவிட்டார்.

அவர் போன பிறகு நான் என் வீட்டுக்காரரை விடவில்லை. "ஏங்க, காது குத்த வேணாம்னு நான் சொல்லல. மொட்டை போடுங்க, குத்துங்க, கிடா வெட்டுங்க. ஆனா எம்புள்ள அழுதா அழட்டும். யாரும் அவன் வாய அடைக்கக்கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"சரி புள்ள, அழட்டும். யாரு வேணாங்கிறா?"

"ஒங்கப்பா வேணாங்கிறாரு."

"அவரு கெடக்காரு. நான் பக்கத்துலதான நிப்பேன். நான் பாத்துக்கிறேன்."

என் தம்பி அருண்பாண்டிக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவன்தான் தாய்மாமன். வடமதுரையில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. பரணி என்றால் உயிர். "அக்கா, நான் பாத்துக்கிறேன்க்கா" என்று அவனும் சொன்னான். இந்த உலகத்தில் ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிறவர்கள்தான்.

கடைசியாகப் பரணியிடம் சொன்னேன். அவன் காது, அவனிடம் சொல்ல வேண்டாமா? மடியில் உட்கார வைத்து, என் கம்மலைக் காட்டினேன்.

"இந்த மாதிரி ஒனக்கும் ஓட்டை போடுவாங்க. வலிக்கும்."

"எம்புட்டு வலிக்கும்?"

"கட்டெறும்பு கடிச்சா வலிக்குமுல்ல? அதவிடக் கொஞ்சம் கூட வலிக்கும். அப்புறம் சரியாப் போயிரும்."

அவன் யோசித்தான். "அழலாமா?"

"அழலாம். சத்தமாவே அழலாம். அம்மா ஒன் கையப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்."

"ரெண்டு கையவும்?"

"ரெண்டு கையவும்."

பிள்ளையிடம் போய் யாராவது வலிக்கும் என்று சொல்வார்களா என்று என் நாத்தனார் புவனேஸ்வரி போனில் கத்தினாள். வலிக்காது என்று பொய் சொல்லி உட்கார வைத்து ஊசியை ஏற்றுவதுதான் பாசம், இவர்கள் கணக்கில். அடுத்த தடவை நாம் சொல்கிற எதையாவது அந்தப் பிள்ளை நம்புமா என்று ஒருத்தரும் நினைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். தென்னந்தோப்புக்கு நடுவில் கருப்பணசாமி, மேலே கூரை கிடையாது. பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கிடாய்க்கறி வெந்துகொண்டிருந்தது. அருண்பாண்டி சீர்த்தட்டுகளோடு வேனில் வந்து இறங்கி, மருமகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பரணி சிரித்துக்கொண்டே இருந்தான்.

முதலில் மொட்டை. தலையில் தண்ணீர் பட்டதும் அழ ஆரம்பித்தான். கத்தி வைத்தபோது தோப்பே கேட்கும்படி அழுதான். நான் இரண்டு கைகளையும் பிடித்திருந்தேன். முடித்து, சந்தனம் தடவியதும் நிறுத்திவிட்டு, தன் தலையைத் தடவிப் பார்த்து, "அம்மா, வழவழன்னு இருக்கு" என்றான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் மாமனார் முகம் கறுத்துவிட்டது. பங்காளிகள் பார்த்துவிட்டார்களே. அவர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுத் தென்னை மரத்துப் பக்கம் நின்று ஏதோ பேசினார். என் வீட்டுக்காரர் தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது.

காது குத்தப் பாய் விரித்தார்கள். அருண்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து பரணியை மடியில் வைத்துக்கொண்டான். நான் போய்ப் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன். புவனேஸ்வரி என் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"மதினி, நீங்க முன்னாடி இருக்காதீங்க. ஒங்களப் பாத்தா அழுவான்."

"வலிச்சா அழுவான் புவனா. என்னப் பாத்தா ஏன் அழுவான்?"

"இங்க அம்மாமாரு பக்கத்துல நிக்கிறது வழக்கமில்ல தாயி" என்றார் மாமனார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "செத்த நேரந்தான் யுவராணி. எல்லாரும் பாக்குறாங்க. பிரச்சன பண்ணாத" என்றார். அதற்குள் யாரோ என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். குலவை போடுகிற பெண்கள் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். தட்டைக் கீழே போட்டுவிட்டு இடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சூடம் எரிகிற தட்டு அது, என்னைச் சுற்றிலும் குழந்தைகள்.

அந்தப் பெண்களின் இடுப்புகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்தது பரணியின் கால்கள் மட்டும்தான். சின்னப் பாதங்கள், குதிகாலில் ஈர மண். அந்தக் கால்களை இரண்டு கைகள் சேர்த்துப் பிடித்திருந்தன. வலது கையில் செம்புக் காப்பு. அது என் வீட்டுக்காரருடைய கை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர், மகன் உதறாமல் இருக்கக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கையி" என்று பரணி கூப்பிட்டான். "அம்மா, கையி எங்க?"

உறுமி ஆரம்பித்தது. குலவை எழுந்தது. அதற்கு அடியில் என் பிள்ளை அழ ஆரம்பித்த சத்தம் கேட்டது. ஆரம்பம் மட்டும்தான் கேட்டது. பாதியில் வெட்டின மாதிரி நின்றுவிட்டது. பாதங்கள் துள்ளின. விரல்கள் விரிந்து மடங்கின. பிறகு தளர்ந்தன. காப்புப் போட்ட கை மெதுவாக விலகியது.

"பாத்தீங்களாப்பா!" என்று என் மாமனார் பந்தலுக்கே கேட்கும்படி கத்தினார். "சாமி பழம்! சத்தம் வந்துச்சா? எங்க வகையறாப் புள்ளைடா!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மகனை எனக்குத் தெரியும். ஊசி காதில் இறங்கின நிமிடத்தில் அவன் அழுகையை நிறுத்துகிறவன் இல்லை. தட்டைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையில் திணித்துவிட்டு, குலவை போடுகிறவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். யாரோ "ஏ, ஏ" என்றார்கள். அருண்பாண்டி பழத்தை ஊட்டிவிட்டு, துப்பிவிடாமல் இருக்க உள்ளங்கையால் பரணியின் வாயை மூடியிருந்தான். என் மாமனார் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆசாரி மறு காதுக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் பிள்ளையின் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பரணியின் கண்கள் பெரிதாகத் திறந்திருந்தன. யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் பிள்ளைக்குத் தொண்டையில் எதுவும் அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று நஜ்முன்னிசா என்கிற நர்ஸம்மா ஒருநாள் பொம்மையை வைத்து எங்களுக்கெல்லாம் காட்டியிருந்தார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். பரணியைப் பிடுங்கி, என் தொடையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். "புள்ளையப் போட்டு அடிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. உறுமிக்காரர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கருப்பா என்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. மறுபடி அடித்தேன்.

பழம் வெளியே வந்து பாயில் விழுந்தது. பெரிய துண்டு. மெல்லவே இல்லை.

பிறகு அவன் அழுதான். இழுத்து, இருமி, இன்னும் ஒருமுறை இழுத்து, வாய் திறந்து அழுதான். அவன் பிறந்த அன்றைக்குப் பிறகு நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். உறுமி நின்றது. பந்தலில் அந்த ஒரு சத்தம் மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

"சரி சரி, அழாத அப்பு" என்றார் ஒருவர்.

"அழாதடா தங்கம், மாமா பொம்ம வாங்கித் தரேன்."

"அந்தா பாரு, ஆடு பாரு."

புவனேஸ்வரி தன் செல்போனில் ஏதோ கார்ட்டூனைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே போனில் டிங் டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பார்த்தேன். கைதட்டினார்களே, அதுவரைக்கும் எடுத்த வீடியோவை அவள் அப்போதே குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறாள். கீழே 'அழாத சிங்கக்குட்டி' என்று எழுதியிருக்கிறாள். திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளையும் இதயங்களையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளை மூச்சு இல்லாமல் கிடந்த நேரத்துக்கு.

போனைத் தட்டிவிட்டேன். அது மண்ணில் போய் விழுந்தது.

"அழாதன்னு இன்னொருத்தர் சொன்னீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவன் அழுகல, செத்துக்கிட்டு இருந்தான். அவன் சாகையில எல்லாரும் கைதட்டுனீங்க."

"வாய அடக்கிப் பேசு தாயி. சாமி எடம்" என்றார் மாமனார். ஆனால் அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. பாயில் கிடந்த பழத்துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி எடத்துலதான் பேசணும். மாமா, அவன் பொறந்தப்ப அழாமக் கெடந்தானே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு, 'கருப்பா, எம்பேரன் அழுதுரணும், ஒனக்குக் கிடா வெட்டுறேன்'னு வேண்டுனது யாரு? நீங்கதான? அவன் அழுததும் ஓ-ன்னு சந்தோசத்துல கத்துனது யாரு? இந்தா அந்தக் கிடாதான் அங்க வேகுது. அழுகணும்னு நேந்த கிடாய வெட்டி வச்சுக்கிட்டு, அழக்கூடாதுன்னு எம்புள்ள வாய அடைக்கிறீங்களே, இது எந்த ஊரு ஞாயம் மாமா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆசாரிதான் மெதுவாகச் சொன்னார். "இன்னொரு காது ஒரு நொடிதாம்மா. ஒத்தக் காதோட விடக்கூடாது."

"என்கிட்டக் கேக்காதீங்க. காது அவனோடது. அவன்கிட்டக் கேளுங்க."

அவர் பாவம், உண்மையாகவே குனிந்து கேட்டார். "தம்பி, அந்தக் காதும் குத்திக்கிருவமா?"

"மாட்டேன்!" என்று பரணி அழுகைக்கு நடுவில் அலறினான். ஆசாரி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அருண்பாண்டி பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். இப்போது மெல்ல நகர்ந்து வந்து, "அப்பு..." என்று கையை நீட்டினான். பரணி திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் இன்னும் பெரிதாக அழுதுகொண்டு, இரண்டு கையாலும் மாமனின் முகத்தில் அடித்தான். மூக்கில், கன்னத்தில், கண்ட இடத்தில் அடித்தான்.

"மாமா வாயப் பொத்துன! மாமா வாயப் பொத்துன!"

"ஏய், மாமாவ அடிக்கலாமா? சாரி சொல்லு" என்றாள் புவனேஸ்வரி. இன்னும் அவளுக்குப் போதவில்லை.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அருண்பாண்டி முந்திக்கொண்டான். "விடுங்க. அடிக்கட்டும்" என்றான். முகத்தைத் திருப்பாமல் வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் கை ஓயும்வரை வாங்கினான். அதற்கப்புறம் அவன் தோள் குலுங்கியது. எங்கள் அப்பா இறந்தபோதுகூட இவன் அழுது நான் பார்த்ததில்லை. கொள்ளி வைக்கிற பிள்ளை அழக்கூடாது என்று அன்றைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், அவனும் அழவில்லை. இப்போது அத்தனை பேர் நடுவில், பட்டு வேட்டியும் மாலையுமாக, சத்தம் போட்டு அழுதான்.

"என்னப்பா நீ, ஆம்பள..." என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"கால் தளந்துச்சு" என்றார். "சமாதானம் ஆயிட்டான்னு நெனச்சுத்தான் கைய எடுத்தேன் யுவராணி."

"பாத்துக்கிறேன்னு சொன்னீங்க."

அவர் மகனின் பாதத்தைத் தொடப் போனார். பரணி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காப்பைக் கழற்றிவிடலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி அதைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும்.

அங்கே சமையல்காரர்கள் இலை போட்டுவிட்டார்கள். இந்த வகையறாவில் முதல் இலை காது குத்தின பிள்ளைக்கும் தாய்மாமனுக்கும். அவர்கள் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம். கறிக்குழம்பு வாசனை தோப்பு முழுக்க இருந்தது. காலையிலிருந்து காபித் தண்ணியோடு இருந்த கூட்டம், பந்தி விரித்த இடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. குழந்தைகள் இலைகளுக்கு முன்னால் போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

மாமனார் மெதுவாக வந்தார். அவருடைய உயரத்துக்கு இப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய சாக்லேட்டை எடுத்துப் பரணியிடம் நீட்டினார்.

"அப்பு. தாத்தா மேல கோவமா? இந்தா. அழுகைய நிப்பாட்டிட்டு வா, சாப்புடப் போவோம். எம்புட்டுப் பேரு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க பாரு."

பரணி அந்தச் சாக்லேட்டைப் பார்த்தான். விக்கலுக்கு நடுவில் யோசித்தான். வாங்கிக்கொள்வான் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றரை வயது, அவ்வளவு பெரிய சாக்லேட். அவன் என் சேலையில் மூக்கைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"இருங்க தாத்தா. நான் இன்னும் அழுது முடிக்கல."

சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்து மறுபடி ஆரம்பித்தான்.

மாமனார் சாக்லேட்டோடு அப்படியே நின்றார். பந்தி நடுவிலிருந்து சமையல்காரர் கத்தினார். "ஏண்ணே, கறி ஆறுது! மொத எலைக்கு ஆளக் கூப்புடுங்க! வெளம்பவா வேணாமா?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்தார், பங்காளிகளைப் பார்த்தார். பிறகு அந்தத் தோப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மார்க்கெட்டில் லோடுக்கு ஆள் கூப்பிடுகிற அந்தக் குரலில் சொன்னார்.

"பொறுங்கப்பா! எம்புள்ள இன்னும் அழுது முடிக்கல!"